வாஃபிள் மெஷினில் பிரெஞ்சு டோஸ்ட்: உள்ளே கொழகொழவென்று இருக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
18 ஜனவரி 2025, காலை 9:40

வீட்டில் ஐந்து பேர். சனிக்கிழமை காலையில் பிரெட்டை முட்டையும் பாலும் கலந்ததில் நனைத்துத் தவாவில் இரண்டிரண்டாகப் போட்டு எடுப்பதற்குள் முதலில் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு எழுந்து போய்விடுகிறார். வாஃபிள் மெஷினில் போட்டால் புரட்ட வேண்டாம், சீக்கிரம் ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பி இன்று போட்டுப் பார்த்தேன். வெளியே கட்டம் கட்டமாக அழகாகத்தான் வந்தது. உள்ளே கொழகொழ. முட்டை ஓரமாக வழிந்து கவுண்டர் முழுக்க ஓடிவிட்டது. இது நிஜமாகவே நடக்கிற காரியமா, இல்லை படம் எடுத்துப் போடுவதற்கு மட்டும்தானா?

18 ஜனவரி, காலை 10:25

நடக்கிற காரியம்தான். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வார இறுதிக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான்.

தவாக் கணக்கை மெஷினுக்குக் கொண்டு போகாதீர்கள். தவாவில் பிரெட்டின் மேல் எந்தப் பாரமும் கிடையாது. எவ்வளவு ஊறியிருந்தாலும் அது பாட்டுக்குக் கிடந்து வேகும். மெஷினில் மூடி மேலே வந்து உட்காருகிறது. நன்றாக ஊறிய பிரெட்டை அப்படி அழுத்தினால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரிதான். உள்ளே இருந்த முட்டையும் பாலும் வெளியே வந்துவிடும். பிழிந்தது போக மிச்சம் நிற்கிற ஈரம் வேகாமல் நடுவில் தங்கிவிடும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் ஊற வைக்காதீர்கள், நனைத்து எடுங்கள். ஒரு பக்கம், மறு பக்கம், அவ்வளவுதான். தூக்கி ஒரு மூலை கீழே வருகிற மாதிரிப் பிடியுங்கள். ஒழுகுவது சொட்டாக மாறி, சொட்டும் நின்ற பிறகு மெஷினில் வையுங்கள்.

அளவு: 8 ஸ்லைஸுக்கு 4 முட்டை, முக்கால் கப் பால் (180 மில்லி), ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் வனிலா, சிட்டிகை உப்பு. தவா என்றால் இதே 4 முட்டைக்கு ஒரு கப்புக்கு மேலேயே பால் விடுவேன். மெஷினுக்குப் பாலைக் குறைத்தே தீர வேண்டும். சர்க்கரையையும் கூட்டாதீர்கள். கட்டத்தின் மேடுகளில் அது கருகிப் பிடித்துக்கொள்ளும். இனிப்பு தட்டில் விழட்டும்.

18 ஜனவரி, காலை 10:31

விட்டுப்போனது. பட்டைத் தூளை முதலில் சர்க்கரையோடு கலந்துகொண்டு அப்புறம் முட்டையில் போடுங்கள். நேரே போட்டால் மேலே மிதக்கும். முதல் ஸ்லைஸ் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விடும். கடைசி ஸ்லைஸ் யாருக்கு வருகிறதோ அவருக்கு வெறும் முட்டை பிரெட்.

18 ஜனவரி, இரவு 8:50

"எத்தனை நிமிஷம்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் மெஷினில் நான்கு நிமிஷம் பக்கம் ஆகிறது. உங்கள் மெஷினுக்கு அது பொருந்தாது. கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஆவியைப் பாருங்கள்.

மூடிய உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டு இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பும், சின்னதாக ஒரு சத்தமும் கேட்கும். அப்போது மூடியைத் தூக்கினீர்களோ, மேல் பாதி மூடியோடும் கீழ்ப் பாதி தட்டோடும் போய் பிரெட் இரண்டாகப் பிரியும். பொறுங்கள். ஆவி மெலிந்து, அங்கொன்று இங்கொன்றாக வரும். சத்தம் அடங்கும். இப்போது மூடியை லேசாக அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் மேலே வந்தால் ஆயிற்று. இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை நிமிஷம்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள். அது தட்டின் சூட்டைத்தான் சொல்கிறது. பிரெட் வெந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

சந்தேகப் பிராணிகள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளலாம். முட்டை சேர்ந்த பண்டங்களுக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்கிற கணக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். பால் சேர்ந்த முட்டை வெறும் முட்டையைவிடத் தாமதமாகத்தான் இறுகும். அதனால் நடுவில் 170க்கு மேல் போனால்தான் எனக்குத் திருப்தி.

19 ஜனவரி, காலை 7:15

படம் அனுப்பியிருக்கிறீர்கள், இப்போது புரிகிறது. உங்களுடையது பெல்ஜியன் மெஷின். கட்டம் ஆழமானது. என்னுடையது பழைய மாதிரி, ஆழம் குறைந்தது. நேற்று நான் சொன்னதெல்லாம் என் மெஷினை மனதில் வைத்து. உங்களுக்குக் கொஞ்சம் மாறும்.

ஆழக் கட்டத்தில் சாதாரண சாண்ட்விச் பிரெட்டைப் போட்டால் மேடு வருகிற இடத்தில் பிரெட் அப்பளமாக நசுங்கும். பள்ளம் வருகிற இடத்தில் எந்தத் தட்டும் அதைத் தொடாது. நசுங்கினது கருகும், தொடாதது வெளுத்துக் கிடக்கும். அதற்கு முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் பிரெட் வேண்டும். கனமான பிரெட்டுக்கு நனைக்கிற நேரமும் கொஞ்சம் கூடும், பக்கத்துக்குப் பத்து விநாடி கொடுக்கலாம். ஆழம் குறைந்த மெஷினில் கடை ஸ்லைஸ் பிரெட்டே போதும்.

இந்த ஆழக் கட்டம் அமெரிக்காவில் பரவினதற்கு ஒரு இடம், ஒரு வருஷம் சொல்லலாம்: 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சி, குயின்ஸில் ஃப்ளஷிங் மெடோஸ். மொரீஸ் வெர்மெர்ஷ் என்ற பெல்ஜியக்காரரின் குடும்பம் அங்கே ஸ்ட்ராபெரியும் அடித்த கிரீமும் வைத்து விற்றது. ஊரே வரிசையில் நின்றது. இரண்டு வருஷம் முன்னால் சியாட்டில் கண்காட்சியிலும் பெல்ஜியன் வாஃபிள் விற்றார்கள், ஆனால் பெயர் வாங்கினது நியூயார்க்தான். அந்த ஆழம் கிரீமும் பழமும் நிற்பதற்காக, பொங்கி வருகிற மாவுக்காக. பிரெட்டை யாரும் அப்போது நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் பழைய பொருள் விற்கிற கடையில் ஆழம் குறைந்த மெஷின் கிடைக்கிறதா பாருங்கள். சதுரமாக இருந்தால் இன்னும் நல்லது. வட்ட மெஷினில் சதுர பிரெட்டை வைத்துவிட்டு நான்கு மூலையை வெட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது.

26 ஜனவரி, மாலை 4:10

பிரெட்டைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள்.

எனக்கு ஹலா. நியூ ஜெர்சியில் எடிசன், ஹைலண்ட் பார்க் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடிசனில் நம் ஆட்கள் கூட்டம், ஒட்டினாற்போல் இருக்கிற ஹைலண்ட் பார்க்கில் யூதக் குடும்பங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை ஆனால் பின்னல் போட்ட இந்த ரொட்டி பேக்கரியில் அடுக்கி வைத்திருக்கும். அவர்கள் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு ரொட்டி வைப்பது வழக்கம். மிஞ்சினது ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு டோஸ்ட் ஆகும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர்தான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். மெஷின் யோசனை மட்டும் என்னுடையது. அவர் அதைக் கேட்டு முகம் சுளித்தார், அது வேறு கதை.

ஹலா ஏன் சரிப்படுகிறது என்றால் அதில் முட்டையும் எண்ணெயும் ஏற்கெனவே உண்டு. உள்ளே பெரிய ஓட்டைகள் இருக்காது, நெருக்கமான இழை. நனைத்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கிழியாது. பெரும்பாலும் பால் சேர்க்காமல் செய்வதால் தட்டில் சீக்கிரம் கருகுவதும் குறைவு. பிரியோஷும் நல்லதுதான், ஆனால் வெண்ணெய் அதிகம், கண் மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடுகிறது.

புளித்த மாவில் செய்கிற சவர்டோ ரொட்டியின் ஓட்டைகள் வழியாக முட்டை தட்டில் விழுந்து தனியாக ஆம்லெட் ஆகிறது. மெஷினுக்கு அது வேண்டாம்.

"பழைய பிரெட்தான் வேண்டும்" என்கிறார்கள். அதில் பாதி உண்மை. வேண்டியது காய்ந்த பிரெட். மூடின கவரில் நாலு நாள் கிடந்த பிரெட்டில் தண்ணீர் அப்படியேதான் இருக்கும், ஸ்டார்ச் மட்டும் இறுகியிருக்கும். மெஷினில் சூடு பட்டதும் அது திரும்ப இளகிவிடும். ராத்திரியே ஸ்லைஸ்களைக் கம்பித் தட்டில் பரப்பி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் காலையில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பத்துப் பதினைந்து நிமிஷம், நடுவில் ஒருமுறை திருப்பி. நிறம் மாறக் கூடாது, மேல் பகுதி தொட்டால் வறண்டிருக்க வேண்டும்.

1 பிப்ரவரி, காலை 11:05

முதல் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட. ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதானே விஷயம்?

மெஷின் வேகமானது இல்லை. என்னுடையதில் ஒரு தடவைக்கு இரண்டு ஸ்லைஸ். பெரிய தவாவில் மூன்று, நெருக்கினால் நான்கு. எட்டு ஸ்லைஸுக்கு மெஷின் கால் மணிக்கு மேல் எடுக்கும். தவா அதற்குள் முடித்திருக்கும். வேகத்துக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

கை சும்மா இருப்பதுதான் லாபம். தவாவில் கரண்டியோடு நின்றாக வேண்டும், திரும்பினால் கருகும். மெஷினை மூடிவிட்டால் நான்கு நிமிஷம் என்னுடையது. அந்த நேரத்தில் வாழைப்பழம் நறுக்கலாம், டிகாக்ஷன் இறக்கலாம், சாக்ஸ் காணோம் என்று கத்துகிற பையனுக்கு சாக்ஸ் தேடித் தரலாம்.

வெந்ததை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓவனை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, உள்ளே கம்பித் தட்டு. வெந்ததை அதில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வையுங்கள். தட்டில் அடுக்கி மூடினால் அதன் ஆவியிலேயே அது நமுத்துப்போகும், மெஷினில் போட்டதே வீண். ஓவனில் கால் மணி நேரம் இருந்தால் கெடுவதற்குப் பதிலாக மொறுமொறுப்பு கூடவே செய்கிறது. கடைசி இரண்டும் வெந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக மேஜைக்குக் கொண்டு போகலாம். போட்டவரும் உட்காரலாம்.

இதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். "ஓவன்ல வச்சத எடுத்துப் போடறதா? கல்லுலேர்ந்து எடுத்தா நேரா தட்டுல விழணும்டா" என்கிறார். தோசை வார்த்துப் பழகின கை. ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழுந்திருப்பதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "நீ எப்ப பாட்டி சாப்பிடுவ?" என்று என் பெண் கேட்டாள். "எல்லாரும் ஆனப்புறம்." அவள் விடவில்லை: "ஏன்?" அம்மா பதில் சொல்லாமல் அவள் தட்டில் இன்னொரு துண்டைப் போட்டார்.

வழக்கு நிலுவையில்.

1 பிப்ரவரி, பகல் 2:20

சாக்ஸ் பற்றி அத்தனை பேர் எழுத வேண்டாம். கிடைத்துவிட்டது.

9 பிப்ரவரி, காலை 8:30

முட்டை சேர்க்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்ட தங்கைக்கு.

கஸ்டர்ட் பவுடர். இதற்குப் பொருத்தமான பிறப்பும் அதற்கு உண்டு. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல் இதைக் கண்டுபிடித்ததே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால்தான். சோள மாவும் மணமும் நிறமும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கப் பாலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மாவு அடியில் போய் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் முன்னால் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாலு பேருக்கு வெறும் பால் பிரெட், கடைசி ஆளுக்குக் களி.

முட்டை இல்லாததால் இது உள்ளே பிடித்து இறுகாது. மேலே மெல்லிய மொறுமொறுப்பு வரும், நடுவில் மெத்தென்று இருக்கும். முட்டை போட்டதோடு ஒப்பிட்டால் வேறு பண்டம், ஆனால் மோசமில்லை. ஸ்டார்ச் தட்டில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது, உருக்கின வெண்ணெயை இரண்டு தட்டிலும் தாராளமாகத் தடவுங்கள். நனைக்கும் நேரத்தை இன்னும் குறையுங்கள்.

9 பிப்ரவரி, இரவு 9:40

மேலே எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடலை மாவு இருக்கறச்சே கஸ்டர்ட் பவுடர் எதுக்கு?" என்றார். சாயங்காலம் அவரே செய்தார், மெஷினில்தான்.

அரை கப் கடலை மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, ஓமம், மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு, பெருங்காயம். வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கிப் போட்டார். பஜ்ஜி மாவைவிட நீர்க்க, தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக. பிரெட்டை ஒரு பக்கம் தோய்த்து, திருப்பித் தோய்த்து, விரலால் வழித்துவிட்டு வைத்தார். தட்டில் நல்லெண்ணெய்.

ஆவி நின்று மூடியைத் திறந்தபோது கட்டத்தின் மேட்டில் பட்ட இடமெல்லாம் பொன்னிறக் கோடு, பள்ளத்தில் மஞ்சள், ஓரத்தில் வழிந்த மாவு தனியாகச் சல்லடையாகப் பொரிந்திருந்தது. அந்த ஓரத்துக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். கடலை மாவில் புரதம் நிறைய இருப்பதால் சூட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, முட்டை செய்கிற வேலையில் முக்கால்வாசியை அது செய்துவிடுகிறது. பச்சை வாசனை போக ஒரு நிமிஷம் கூட விட வேண்டும்.

ஆக, தங்கைக்கு என் பரிந்துரை மாறுகிறது. இனிப்பு வேண்டுமானால் கஸ்டர்ட், இல்லையென்றால் யோசிக்காமல் இது.

அம்மா இதைக் கல்லிலிருந்து எடுத்த மாதிரி நேராகத் தட்டில் போட்டார். ஓவன் பக்கம் போகவே இல்லை.

15 பிப்ரவரி, காலை 10:00

"வாஃபிள் மெஷினில் போட்டதெல்லாம் பிரெஞ்சு டோஸ்ட்டே கிடையாது, முறைப்படி வெண்ணெயில் வாணலியில்தான்" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். முறை என்று பார்த்தால் அப்பீசியஸ் பெயரில் வருகிற ரோமானியச் சமையல் தொகுப்பு வரை போக வேண்டும். அதில் ரொட்டியைப் பாலில் நனைத்து எண்ணெயில் பொரித்து மேலே தேன் ஊற்றச் சொல்லியிருக்கிறது. வெண்ணெய் எங்கே? அங்கிருந்து இங்கே வருவதற்குள் எண்ணெய் வெண்ணெயாயிற்று, தேன் சிரப்பாயிற்று. நம் ஊர் வீடுகளில் பாம்பே டோஸ்ட் என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டு நெய்யில் சுட்டதும் இதே வம்சம்தான். இரும்புத் தட்டு ஒன்று கூடுதலாக வந்ததில் வம்சம் கெட்டுவிடாது.

2 மார்ச், காலை 9:20

ஒட்டுகிறது, ஒட்டுகிறது என்று ஆளாளுக்குப் புலம்பல்.

டப்பாவில் அடித்துத் தெளிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை நிறுத்துங்கள். அதில் லெசித்தின் சேர்த்திருப்பார்கள். நான்-ஸ்டிக் தட்டில் அது சூடாகிச் சூடாகி மஞ்சள் பிசினாக ஏறும். அந்தப் பிசின்தான் அப்புறம் ஒட்டுகிறது. இவர்கள் ஒட்டுகிறதே என்று இன்னும் அடிப்பார்கள். சாதாரண எண்ணெயை சிலிக்கான் பிரஷில் தொட்டு ஒவ்வொரு மேட்டிலும் தடவுங்கள், பள்ளத்தில் தேங்க வேண்டாம்.

மெஷின் நன்றாகச் சூடேறுவதற்கு முன் பிரெட்டை வைப்பதும் ஒட்டுவதற்குக் காரணம். விளக்கு மாறின பிறகும் இரண்டு நிமிஷம் கூட விடுங்கள்.

கழுவ: தண்ணீரில் முக்காதீர்கள். அணைத்துவிட்டு, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த பேப்பர் டவலை விரித்து மூடிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் ஊறி வந்திருக்கும். மூலையில் காய்ந்த முட்டைக்கு மூங்கில் குச்சி. கத்தி முனையை எடுத்தவர் கையை நான் பார்த்தால் பிடுங்கிவிடுவேன்.

2 மார்ச், காலை 9:34

மிஞ்சினால் ஃப்ரீசர். முதலில் பரப்பி உறைய வைத்து அப்புறம் பையில் போடுங்கள். வாரநாளில் நேராக டோஸ்டரில் போடலாம். தவாவில் செய்தது டோஸ்டரில் தொங்கும், உடையும். மெஷினில் செய்தது விறைப்பாகத் தட்டையாக இருப்பதால் டோஸ்டரின் இடுக்கில் சமர்த்தாக இறங்கும். பள்ளிப் பேருந்துக்கு முன்னால் இது பெரிய உபகாரம்.

16 மார்ச், மாலை 5:45

இப்போது வெர்மாண்ட் மாநிலத்தில் மேப்பிள் மரச் சாறு எடுக்கிற சீசன். ராத்திரி உறைந்து, பகலில் உருகுகிற இந்த வாரங்களில்தான் மரத்தில் சாறு ஓடும். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். விலையைப் பார்த்து மலைப்பவர்கள் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். 'பேன்கேக் சிரப்' என்று பாதி விலையில் நிற்பது சோளச் சர்க்கரைப் பாகும் மணமும். அதில் மேப்பிளைத் தேடாதீர்கள்.

பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு லேபிளில் 'டார்க்' என்று போட்டதை வாங்குங்கள். வெளிர் நிறத்தைவிட அதற்கு ருசி அழுத்தம், முட்டைக்கு நடுவே காணாமல் போகாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்ற வேண்டாம். சூடான டோஸ்ட் ஒரு நொடியில் ஆறிப்போகும். கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

கட்டங்களின் பெருமையே சிரப் நிற்பதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அவ்வளவு நம்புவதில்லை. பிரெட்டில் விழுகிற பள்ளம் மாவு வாஃபிள் அளவுக்குத் திடமாக நிற்காது, ஊற்றினதைச் சீக்கிரம் குடித்துவிடும். நிஜமான பெருமை மேடு பள்ளத்தால் மொறுமொறுப்பான பரப்பு கூடுவதில் இருக்கிறது. அதனால் சிரப்பைத் தட்டில் ஓரமாக ஊற்றித் தொட்டுச் சாப்பிடுகிற என் பையன்தான் வீட்டில் விவரமானவன். சட்டினியில் இட்லியைத் தொடுகிற பழக்கம் அங்கே போய் நிற்கிறது.

அம்மா வெல்லப் பாகில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வைத்திருக்கிறார். ஹலாவோடு அது சேரவில்லை என்று நான் சொல்ல, மற்ற எல்லாரும் என்னை எதிர்த்து வாக்களித்தார்கள்.

13 ஏப்ரல், காலை 8:05

ஹலா தேடி ஹைலண்ட் பார்க் பக்கம் போகிறவர்கள் இந்த வாரம் போக வேண்டாம். நேற்று மாலை யூதர்களின் பாஸ்ஓவர் பண்டிகை தொடங்கிவிட்டது. 20ஆம் தேதி இரவு வரை அவர்கள் வீட்டில் புளித்த ரொட்டி எதுவும் இருக்கக் கூடாது. யூத உணவு விதிப்படி நடக்கிற கோஷர் பேக்கரிகளில் ஹலா கிடைக்காது.

அலுவலக நண்பரிடம் "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டேன். மட்ஸோ பிரை என்றார். மட்ஸோ என்பது புளிக்காத தட்டை ரொட்டி, கிட்டத்தட்ட பிஸ்கட் விறைப்பு. அதை உடைத்துத் தண்ணீரில் ஒருமுறை நனைத்துப் பிழிந்து, முட்டையில் பிரட்டி வாணலியில் வதக்குவது. உப்பு மிளகு போடுபவர்கள் ஒரு கட்சி, சர்க்கரை போடுபவர்கள் இன்னொரு கட்சி, குடும்பத்துக்குள்ளேயே சண்டையாம். நாம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை மெஷினில் போடலாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

28 ஜூன், இரவு 10:15

விடுமுறையில் நயாகரா போய்வந்தோம். ஓட்டலில் காலைச் சாப்பாட்டு இடத்தில் மாவை ஊற்றி மூடிக் கைப்பிடியைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புகிற மெஷின் இருக்குமே, அதில் நனைத்த பிரெட்டைப் போடலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். நீங்கள் வழியவிட்டுப் போகிற முட்டையைச் சுரண்டப் போவது அங்கே வேலை செய்கிறவர்.

திருப்புகிற வசதி பிரெட்டுக்குத் தேவையும் இல்லை. நீர்த்த மாவு கீழ்த் தட்டிலேயே தங்கிவிடும், திருப்பினால்தான் மேல் தட்டின் பள்ளங்களிலும் ஓடி நிரம்பும். பிரெட் முதலிலேயே இரண்டு தட்டையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

24 ஆகஸ்ட், காலை 9:00

இன்று அமெரிக்காவில் வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 1869இல் இதே தேதியில் நியூயார்க் மாநிலம் டிராய் ஊர்க்காரர் கொர்நேலியஸ் ஸ்வார்ட்வவுட் அடுப்பில் வைக்கிற வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்பை அடுப்பிலிருந்து எடுக்காமலே சுழற்றித் திருப்பலாம் என்பதுதான் விசேஷம். மின்சாரம் வந்த பிறகு மேலும் கீழும் ஒரே நேரத்தில் சூடு கிடைத்தது, பெரும்பாலான வீட்டு மெஷின்களில் திருப்புகிற வேலையே போயிற்று.

கொண்டாட்டமாக எங்கள் வீட்டில் இன்று இட்லி. அம்மா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார், பிள்ளைகள் கேட்டதுதான் நடக்கிறது.

7 செப்டம்பர், மாலை 6:30

கிளம்புவதற்கு முன்னால் அம்மா மெஷினை ஊருக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். கடலை மாவு பிரெட்டுக்காக. இங்கேயும் இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

எடுத்துப் போகாதீர்கள். இங்கே 120 வோல்ட், நம் ஊரில் 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு, சூட்டுக்கம்பி இழுக்கிற சக்தி மூன்றரை மடங்குக்கு மேல். 1000 வாட் மெஷின் 3500 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். ஒன்று ஃபியூஸ் போகும், இல்லை மெஷின் போகும். இங்கே 60 ஹெர்ட்ஸ், அங்கே 50 என்று கவலைப்படுபவர்களுக்கு: வெறும் சூட்டுக்கம்பி மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வோல்ட்தான் பிரச்சினை.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் 1000 வாட் மெஷினுக்கு 1500 வாட்டாவது தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் கனம் மெஷினைவிடப் பல மடங்கு, விலையும் கூட. அதற்குப் பதில் அங்கேயே 230 வோல்ட் மெஷின் வாங்கிவிடலாம். தஞ்சாவூரில் கடையில் இல்லாவிட்டாலும் ஆன்லைனில் வரும். ஆழம் குறைந்த கட்டமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவன் மூன்று லிங்க் அனுப்பியிருக்கிறான், மூன்றும் பெல்ஜியன்.